சிட்டாள் அறைப் பூட்டு

சொ.வீர. வீட்டு உமையாள் ஆச்சி தினமும் காலையில் நாற்பத்தொரு கதவுகளைத் திறப்பார். சாயங்காலம் அதே நாற்பத்தொன்றையும் அடைப்பார். அறுபத்திரண்டு வயது. இடது முழங்கால் மடங்காது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பெருமூச்சு என்று வைத்துக்கொண்டால், நாள் ஒன்றுக்கு எண்பத்திரண்டு பெருமூச்சு. எதிர்வீட்டிலிருந்து இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மிகையாகச் சொல்லவில்லை.

ஒருநாள் கேட்டேன். "ஆச்சி, மகன் பெங்களூருக்குக் கூப்பிடுறானே, போயிறலாமில்ல? இந்த வீட்டை அம்புட்டுப் பிடிக்குமா உங்களுக்கு?"

"பிடிக்கிறதாவது! இடுப்பு ஒடியுது."

"அப்புறம் ஏன் இருக்கீக?"

"நாலு நாள் திறக்காம விட்டா அஞ்சாம் நாள் கரையான் வந்து உக்காந்துக்கிறும். அதுக்குக் கூலி குடுத்து ஆள் வைக்க முடியுமா? நான் கூலி இல்லாத ஆளு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று கதவுகளை அடைத்துக்கொண்டே வந்தவர், நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமுமான வளவின் தென்மேற்கு மூலையில், நாற்பத்திரண்டாவது கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. முப்பத்தொரு வருடமாக யாரும் அதைத் தொட்டதில்லை.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு. முகப்பும் வளவும் சமையற்கட்டும் எல்லோருக்கும் பொது. சொ.வீர. வீட்டுக்குப் பதினாறு பங்காளிகள். சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். அறையைப் பூட்டிவிட்டுப் போனவர் முப்பது வருடம் வராவிட்டாலும் சரி, அந்தப் பூட்டில் இன்னொருவர் கை படாது. பங்காளி பூட்டை உடைத்தால் குலத்துக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். கோலாலம்பூரில் பெரிய மருத்துவராக இருப்பவரும் அப்படித்தான் நம்புகிறார்.

அந்த மூலை அறை சிட்டாளுடையது. உமையாள் ஆச்சியின் காலமான கணவர் தேனப்பனுக்குச் சித்தப்பா மகள் சிட்டாள். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. தாய் மீனாட்சி, மகள் பிறந்த வருடத்திலிருந்தே கல்யாணச் சாமான் சேர்த்தார். அண்டா, குடம், தூக்கு, சருகச்சட்டி, சம்புடம் என்று ஒவ்வொன்றிலும் மகளின் முதலெழுத்தை வெட்டவைத்து அந்த அறையில் அடுக்கினார். மகளோ இருபத்தாறு வயதில், தேவகோட்டைத் தபால் ஆபீசில் வேலை பார்த்த அந்தோணி என்பவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் ஆட்கள் இல்லை. நம் சாமிகூட இல்லை. ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்த வருடமே மீனாட்சி இறந்துவிட்டார். இறப்பதற்கு முந்தின மாதம் தயிர்க்காரியிடம் மகளுக்கு ஒரு சீடை டப்பா கொடுத்தனுப்பினார். சீடைக்கு அடியில் அந்த அறைச் சாவி இருந்தது.

தாயின் முகம் பார்க்கச் சிட்டாள் கைக்குழந்தையோடு முதல் பஸ்ஸில் வந்தாள். பங்காளிகள் கூடிப் பேசினார்கள். வீட்டு மானம் என்றார்கள். அப்போது வீட்டில் மூத்த மருமகள் உமையாள்தான். "போய்க் கதவை அடை" என்றார்கள். முகப்புக் கதவு பர்மாத் தேக்கு. அதன் தாழ்ப்பாளைத் தள்ள இரண்டு கையும் வேண்டும். உமையாள் இரண்டு கையாலும் தள்ளினாள்.

சித்திரை வெயில். வெளியே அந்தப் பெண் கதவைத் தட்டவில்லை, கத்தவில்லை. கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்பக்கம் உமையாள், அதே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் நாலு விரற்கடை மரம். குழந்தை அழும் சத்தம் மட்டும் மரத்தைத் தாண்டி வந்தது. பாடையைத் தெருவில் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சிட்டாள் தாயைப் பார்த்தாள்.

தேவகோட்டை எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பஸ் பயணம். அந்த அரை மணி நேரத்தை முப்பத்தொரு வருடமாக இரண்டு பேருமே தாண்டவில்லை.

*

சென்ற ஆவணியில் பங்காளிகள் கூடினார்கள். பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் போனில். வளவில் மூன்று இடத்தில் ஓட்டைத் தாங்கும் கைமரம் தொங்குகிறது. வெள்ளைப் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஏற்கெனவே வந்து, தூண்களைத் தட்டிப் பார்த்து, டேப் வைத்து அளந்துகொண்டு போய்விட்டார்.

ஆச்சியின் கொழுந்தன் லெட்சுமணன்தான் அங்கே குரல் பெரியவர். சென்னைக்காரர். "இந்தா பாருங்க அண்ணமிண்டி. செலவு பண்ண எல்லாரும் தயார். பழைய மாதிரியே சுண்ணாம்புலயே புதுப்பிப்போம். ஆனா இந்த ஐப்பசி மழைக்கு வளவு நின்னு காட்டணும். ஒரு சுவர் சரிஞ்சாலும் பிரிச்சு அந்த வியாபாரிக்கே குடுத்துருவோம். யாருக்கும் வருத்தம் வேண்டாம்."

அண்ணன் மனைவியை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவது. மரியாதையான சொல்தான். அன்று அது சம்மன் மாதிரி இருந்தது.

கொத்தனார் சேவுகனை அழைத்து வந்தார் ஆச்சி. வெற்றிலை போட்ட வாய், எதற்கும் ஒரு நக்கல். ஆனால் சுவரில் காதை வைத்தே உள்ளே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான். கூரைமேல் ஏறி அரை மணி நேரம் நடந்தவன், இறங்கி வந்து வளவு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"ஆச்சி, பன்னெண்டு வருசத்துக்கு முந்தி ஓடு மாத்துனது யாரு?"

"அவுக இருந்தப்பத்தான். மானாமதுரை ஆளு ஒருத்தன். சுத்தி எல்லாப் பக்கமும் மாத்துனோம். அந்த மூலை அறை மேல மட்டும் கை வைக்கலை."

"ஏன்?"

"அது சிட்டாள் பங்கு. கேக்காம எப்படித் தொடுறது? எல்லை பார்த்து, அந்த ஓரத்தில சிமெண்ட்ல வரப்பு மாதிரி கட்டி நிப்பாட்டச் சொன்னோம்."

சேவுகன் வெற்றிலையை ஓரமாகத் துப்பினான். "நல்லாப் பண்ணுனீக. மழைக்குப் பங்கு தெரியுமா ஆச்சி? மூணு பக்கத்துத் தண்ணியும் வழிஞ்சு வந்து, உங்க வரப்புல முட்டி, அந்த அறைக்குள்ளதான் இறங்குது. பன்னெண்டு வருசமா அங்கனதான் இறங்குது. மத்த இடத்துல தொங்குற கைமரமெல்லாம் சும்மா. அது அங்க இருந்து வர்ற சீக்கு. மூலை உத்திரம் உள்ளுக்குள்ள இத்துப்போச்சுன்னா வளவு ஒரு பக்கமாப் படுத்துரும்."

"வெளியில இருந்தே சரி பண்ண முடியாதா?"

"வெளியில நின்னுக்கிட்டே பிரசவம் பாக்கச் சொல்றீக. உள்ள போகணும். உத்திரத்துக்கு முட்டுக் குடுக்கணும். அப்புறம்தான் மேல கை வைக்கலாம். ஐப்பசி பொறக்க இருபத்தாறு நாள் இருக்கு."

"பூட்டை..."

"என்னைய உடைக்கச் சொல்லாதீக ஆச்சி. எங்க அப்பனும் இந்த ஊர்லதான் கொத்து வேலை பார்த்தாரு. பங்காளி பூட்டுல கை வைக்க மாட்டோம்."

ஆச்சி அன்று மாலை கதவுகளை அடைக்கவில்லை. வளவில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் போய்த்தான் அடைத்தேன். என்னிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இந்த வீட்டு மானம்னுதானே அன்னைக்குக் கதவை அடைச்சேன். இப்ப வீட்டையே பிரிச்சுக் குடுத்துட்டா, நான் எதுக்கு அடைச்சேன்?"

*

தேவகோட்டைக்கு ஆச்சி முதல் முறை போனபோது சிட்டாள் கதவைத் திறக்கவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அதே பெரிய கண்கள்.

"யாரு?"

"நான்தான் சிட்டாள். உமையாள்."

அவள் சன்னலை விட்டு நகர்ந்தாள். பிறகு குரல் மட்டும் வந்தது. "கதவு அடைச்சிருக்கு அண்ணமிண்டி. உங்களுக்குத் தெரியாததா?"

ஆச்சி படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஏறினார்.

இரண்டாம் முறை கதவு திறந்தது. அந்தோணி இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. சுவரில் படம், மாலை, சின்ன மெழுகுவத்தி. ஆச்சி பங்காளிகள் சொல்லியனுப்பியதைச் சொன்னார். சாவியை மட்டும் கொடுத்தால் போதும், சாமான்களை வேன் வைத்து வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

சிட்டாள் சிரித்தாள். "நல்ல ஏற்பாடுதான். சாமான் வரலாம், நான் வரக்கூடாது. லெட்சுமணன் சொன்னானா?"

ஆச்சி ஆமென்று தலையசைத்தார்.

"சின்னப் பிள்ளையில அவனுக்கு மூக்குச் சிந்தி விட்டவ நான். எனக்குப் பங்கு கிடையாதுன்னு அவன் சொல்றான். சட்டம் உண்டுங்குது. எனக்கு ரெண்டும் வேண்டாம். போயிட்டு வாங்க அண்ணமிண்டி. பஸ்ஸு நாலரைக்கு."

மூன்றாம் முறைக்கு முந்தின நாள் ஆச்சிக்குக் காய்ச்சல். போக வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். "போகாம என்ன பண்ணச் சொல்லுற?" என்று முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ் படியில் அந்த முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து ஏறினார். அன்று நானும் கூடப் போனேன். அதனால் அங்கே நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

உமையாள் ஆச்சி அன்று சாவி கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். சிட்டாள் நாற்காலியைக் காட்டினாள். வேண்டாம் என்று கை அசைத்தார்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கதவை அடைச்சதைச் சொல்ல வரலை. அதுக்கு என்ன சொன்னாலும் பத்தாது. இது வேற. உனக்குத் தெரியாதது. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி நாங்க ஓடு மாத்துனோம். உன் அறையை மட்டும் தொடலை. மரியாதைன்னு நினைச்சேன். எல்லை கட்டி விட்டோம். அந்த எல்லையில முட்டி அம்புட்டுத் தண்ணியும் உன் அறைக்குள்ள இறங்கியிருக்கு. எங்க பக்கம் எல்லாம் காஞ்சு கிடந்துச்சு. உங்க ஆத்தா சேத்து வச்ச சாமான் மேல பன்னெண்டு மழைக்காலம் நான் தண்ணி ஊத்தியிருக்கேன், சிட்டாள். ரெண்டாம் தடவையும் நான்தான்."

 அழக்கூடத் தெம்பில்லாமல், சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சிட்டாள் எழுந்தாள். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் அடிக்குது. இதோட எதுக்கு வந்தீக?"

"நாள் இல்லை."

அவள் உள்ளே போய் ஒரு மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்தாள். ஆச்சி குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சாவியைக் குடுத்து விட மாட்டேன். நானே வந்து திறப்பேன். புறவாசல் வழியா இல்லை, முகப்பு வழியா வருவேன். அன்னைக்கு ரெண்டு கையாலயும் தாழ்ப்பாளைத் தள்ளுனீகளே, அதே ரெண்டு கையாலயும் திறக்கணும்."

"திறக்கிறேன்."

"லெட்சுமணன்?"

"அவன் மெட்ராசுல இருக்கான்," என்றார் ஆச்சி. "கதவு என்கிட்ட இருக்கு."

*

செய்தி கேட்டு லெட்சுமணன் போனில் கத்தினார். எங்கள் வீட்டுக்கே கேட்டது. "பதினாறு பேரைக் கேக்காம நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?" ஆச்சி காதிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு எடுத்து, "பதினாறு பேர்ல யாரு வந்து நாளைக்கு நாப்பத்தொரு கதவைத் திறக்கப் போறீக? அவுக வந்து சொல்லட்டும், கேக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு யாரும் போன் செய்யவில்லை.

புரட்டாசி இருபத்திரண்டாம் தேதி காலை ஒன்பது மணி பஸ்ஸில் சிட்டாள் வந்தாள். பழைய பச்சைச் சேலை, கையில் சின்னப் பை. தெருவில் சன்னல்கள் எல்லாம் பாதி பாதியாகத் திறந்திருந்தன. வாசலில் வந்து, அன்று நின்ற அதே இடத்தில் நின்றாள்.

கதவு அடைத்திருந்தது. ஆச்சி வேண்டுமென்றேதான் அடைத்து வைத்திருந்தார்.

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம். பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது. சேவுகன் உதவிக்குப் போனபோது, "தள்ளி நில்லுப்பா" என்று ஆச்சி அதட்டியது வெளியே கேட்டது. வெகுநேரம் ஆயிற்று. இரண்டு கையாலும், உடம்பின் மிச்சத் தெம்பாலும் அந்தத் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தபோது ஆச்சிக்கு மூச்சு வாங்கியது.

"வா சிட்டாள்."

சிட்டாள் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே வந்தாள். எதிர்ச் சன்னலில் நான் விசும்பியது எனக்கே கேட்டது.

ஆனால் சாவி திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டார்கள், மண்ணெண்ணெய் விட்டார்கள். பித்தளைக்குள் இரும்பு துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. நானும் அதற்குள் வளவுக்கு வந்துவிட்டேன். சிட்டாள் சாவியை உருவி, சேலையில் துடைத்து, திரும்பவும் போட்டாள். நாலாம் தடவை சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"உடைங்க" என்றாள்.

சேவுகன் இரண்டு அடி பின்னால் போனான். "என்னால ஆகாதுங்க."

"என் பூட்டு. நான் சொல்றேன்."

"நீங்கதான் உடைக்கணும். நான் வேணும்னா கல்லு எடுத்துத் தர்றேன்."

அவன் கொடுத்த கல்லைச் சிட்டாளால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. உமையாள் ஆச்சி வந்து மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள். ஐந்தாவது அடியிலோ ஆறாவது அடியிலோ பூட்டு கீழே விழுந்தது.

உள்ளே இருட்டு. பாசி வாடை. மேலே ஓட்டுக்கு நடுவில் இரண்டு முழ நீளத்துக்கு வானம். பாயும் பட்டுமெத்தையும் இருந்த இடத்தில் கறுப்பாய் ஏதோ குவிந்து கிடந்தது. மூலை உத்திரம் கைவைத்தால் உதிரும் போலிருந்தது.

வானம் தெரிந்த அந்த இடத்துக்கு நேர் கீழே, வாய் திறந்தபடி வரிசையாகப் பித்தளை அண்டாக்கள் நின்றன. பெரியது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. பச்சைக் களிம்பு ஏறி, விளிம்புவரை தண்ணீர் நிரம்பி.

சேவுகன் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தான். சுவரின் அடியைத் தட்டினான். தரையைத் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தான். அவன் வாயில் நக்கல் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"ஆச்சி, உத்திரம் போச்சு. மாத்திக்கலாம். ஆனா சுவர் அடி நல்லாயிருக்கு. இந்தச் சாமான் இங்க இல்லாம இருந்தா தண்ணி அம்புட்டும் அஸ்திவாரத்துக்குப் போயிருக்கும். எப்பவோ வளவு படுத்திருக்கும். மழைக்கு நிறைஞ்சு, கோடையில வத்தி, பன்னெண்டு வருசமா இந்த அண்டாதான் வீட்டைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

சிட்டாள் அந்தப் பெரிய அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். களிம்பை விரலால் தேய்த்தாள். அடியிலிருந்து அவளுடைய எழுத்து வந்தது. தாய் வெட்டவைத்த எழுத்து. அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள், அன்றைக்குக் கதவில் வைத்த மாதிரியே.

உமையாள் ஆச்சி அவள் முதுகைத் தொடவில்லை. பக்கத்தில் போய், காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்.

கிளம்பும்போது ஆச்சி, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணமிண்டி."

அவள் ஒரு சின்னச் சம்புடத்தை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "கூரையைப் போட்டதும் மறுபடி பூட்டு வாங்காதீக."

சேவுகன் ஆட்கள் பதினேழு நாள் வேலை செய்தார்கள். முதலில் சிமெண்ட் வரப்பை இடித்தார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுச் சுண்ணாம்பு அரைத்த வாடை தெருவெங்கும் இருந்தது. நாட்டு ஓட்டை எல்லை பார்க்காமல் ஒரே சரிவாக மூடினார்கள்.

ஐப்பசி பதினாலாம் தேதி மழை பிடித்தது. விடாமல் இரண்டு நாள். மூன்றாம் நாள் மத்தியானம், நனைந்த குடையும் முழங்கால் வரை சேறுமாய்ச் சிட்டாள் வந்து நின்றாள். முகப்புக் கதவு திறந்துதான் இருந்தது.

"ஒழுகுதா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"வந்து பாரு."

பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வளவு முற்றத்தில் மட்டும் மழை, விழ வேண்டிய இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஆச்சி சோறும் வெண்டைக்காய் மண்டியும் போட்டார். சிட்டாள் சாப்பிட்டாள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டில் சீப்புச்சீடை கொண்டு போனபோது, சிட்டாள் ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டை ஆச்சி பக்கம் நகர்த்தினாள்.

லெட்சுமணன் போன் செய்தாராம், வளவு நிற்கிறதா என்று. நிற்கிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம் ஆச்சி. தை பிறந்ததும் முழு வேலையும் தொடங்கப்போவதாகப் பேச்சு. சிட்டாளுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை அவர்கள் இன்னும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறாள். ஆச்சி வலது பக்கத்துக் கதவுகளைத் திறந்தால், அவள் இடது பக்கத்துக் கதவுகளைத் திறக்கிறாள்.

மற்ற நாட்களில் ஆச்சி ஒருவர்தான். முழங்கால் இன்னும் மடங்கவில்லை. நேற்றுக் காலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நாற்பத்திரண்டு.